அண்ணிக்காக நான் பேசிய சிங்களம்

அண்ணிக்குச் சிங்களம் தெரியாது. அவள் மஸ்கெலியாப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அங்கே கடை, ஸ்கூல், பஸ் எல்லாம் தமிழிலேயே நடக்கும். எங்கள் பக்கம் அப்படியில்லை. கொடகவெல டவுனில் இறங்கி ஒரு கட்டு கீரை வாங்குவதென்றாலும் சிங்களம் வேண்டும். நான் அந்த டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். சிங்களத்தில் விலை பேசுவேன், சண்டை போடுவேன், தூக்கத்தில் உளறுவதுகூட சிங்களத்தில்தான் என்று அம்மா சொல்லுவாள். அதனால் ஸ்கேன் முடிவு கேட்க அண்ணியை இரத்தினபுரிக்கு டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று ஆனபோது, யார் துணைக்குப் போவது என்று வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது வழக்கம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஆள் கூடப் போவார். பல்வலிக்கும் அவர்தான், பொலிஸுக்கும் அவர்தான், பேங்குக்கும் அவர்தான். அங்கே என்ன கேட்பார்கள், போகிற ஆள் நோயாளிக்கு என்ன முறை என்பதையெல்லாம் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் அண்ணனின் தங்கை. கல்யாணமாகாதவள். டொக்டரோ பிள்ளை இல்லாத பெண்களைப் பார்க்கிறவர். இதிலிருக்கிற கோளாறு டொக்டரின் அறைக் கதவைத் திறக்கும்வரை எனக்கே உறைக்கவில்லை.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் கல்யாணமாகி நாலு வருஷம். முதல் வருஷம் முழுக்க அண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருந்தான். மாதத்துக்கு ஒருமுறை, பெருநாளுக்கு ஒருமுறை என்று வந்துபோவான். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வீட்டோடு வந்த பிறகும் அண்ணிக்கு ஒன்றும் தங்கவில்லை. வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கிற லயத்தில் பேச்சு ஆரம்பமானது. "இன்னும் ஒண்ணுமில்லையா?" என்று கேட்பதற்கு எங்கள் லயத்தில் பெரிய உறவெல்லாம் வேண்டாம். குழாயடியில் ஒரு வாளி நிரம்புகிற நேரம் பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மா முதலில் அண்ணியின் பக்கம்தான் பேசினாள். அண்ணிக்கு அடிவயிற்றில் வலி வரும். வெள்ளைப்படும். சில நாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாளாம். எங்கள் தோட்டத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான். சூடு. வெயிலில் நின்றால் சூடு, சுடுகல்லில் உட்கார்ந்தால் சூடு, மழையில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும் எப்படியோ அதுவும் சூடுதான். அம்மா வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். கற்றாழையைச் சீவி, கழுவி, முகத்தைச் சுளிக்காமல் விழுங்கச் சொன்னாள். "சூடு கொறைஞ்சா தானா தங்கும்" என்று அடுத்த காம்பரா வீட்டுக்காரியிடம் உறுதியாகச் சொன்னாள். அண்ணியும் எல்லாவற்றையும் விழுங்கினாள்.

நாலாம் வருஷத்தில் அம்மாவின் பேச்சு மாறிவிட்டது. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் மாமா இருக்கிறார். அவருக்கு ஒரு மகள். அண்ணனுக்கு முறைப்பெண். "அன்னைக்கே அவளக் கட்டியிருக்கலாம்" என்று அடுப்படியில் அம்மா தனக்குள் பேசிக்கொள்வதுபோல் பேசுவாள். ஆனால் அந்தச் சத்தம் தனக்குள் பேசுகிற சத்தமாக இருக்காது. அண்ணி அங்கேயே மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருப்பாள். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

முதல் தடவை ஸ்கேன் எடுக்க அண்ணன்தான் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனான். முடிவு கேட்கப் போகிற நாளில் அவனுக்குத் திடீரென்று ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் ஹயர் வந்துவிட்டது. அன்றைக்கு ஸ்கூல் லீவு என்பது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்.

"டொக்டர் என்ன சொன்னாலும் அப்படியே வந்து சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. இவளுக்குத் தங்காதுன்னு சொல்லிட்டாங்கன்னா, தை பொறந்ததும் மாமாகிட்டப் பேசி முடிச்சிருவேன். இவ அவங்க ஊட்டுக்குப் போகட்டும். நம்ம ஒண்ணும் வெரட்டல, மரியாதையா அனுப்புவோம்."

அண்ணி கையெட்டும் தூரத்தில் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அண்ணிக்குத் துணையாகப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அம்மா என்னை வேவு பார்க்க அனுப்புகிறாள்.

பஸ் பெல்மதுளையைத் தாண்டும்வரை அண்ணி டிக்கட்டை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உள்ளேயும் நீதான் வருவியா, தங்கச்சி?"

"பின்ன யாரு வருவா? பஸ் கண்டக்டரா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிளினிக்கில் தமிழ் பேசுகிற நர்ஸ் மிஸி ஒருவர் வழக்கமாக இருப்பாராம். அன்றைக்கு அவருக்கு லீவு. டொக்டர் நடுத்தர வயதுப் பெண். நிதானமாகப் பேசினார். என்னைத் தங்கச்சி முறை வைத்து, "நங்கி, நீங்கள் இவருக்கு யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். கணவரின் தங்கை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இல்லை."

டொக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினார். இன்றைக்கு நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது, சில கேள்விகள் சங்கடமாக இருக்கும், இந்தப் பெண் உள்ளே இருப்பது உங்களுக்குச் சம்மதமா, இல்லையென்றால் தமிழ் மிஸி இருக்கிற நாளில் வாருங்கள் என்று அண்ணியிடம் கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். அண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது எனக்கு.

"இன்னொரு நாளைக்கு மாமிகிட்ட என்னா சொல்லிட்டு வர்றது?" என்றாள் அண்ணி. "இரு. பரவால்ல."

முதலில் எல்லாம் சுலபமாகப் போனது. மாத விலக்கு ஒழுங்காக வருகிறதா, வலி எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்ததா. பிறகு கேள்விகள் கீழே இறங்கின. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். துணிக்கடையில் அந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லை. சிங்களத்தில் எனக்குத் தெரியாது. தமிழில் தெரியும், ஆனால் அவை அண்ணி முன்னால் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை. காது சூடாகி, கையால் காட்டி, "அந்த எடத்துல" என்று இழுத்து ஒருமாதிரி ஒப்பேற்றினேன். எவ்வளவு காலமாக இப்படி என்று டொக்டர் கேட்டதற்கு அண்ணி, "மூணு வருஷத்துக்கு மேல. சூட்டுனாலதான்" என்றாள். அதை அப்படியே "ரஸ்னே" என்று சொன்னேன். டொக்டர் களைத்துப்போனவர்போல் சிரித்தார்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், நங்கி. சூடு என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்."

ஸ்கேனில் அண்ணியின் ஒரு பக்கக் கருக்குழாய் வீங்கி, உள்ளே நீர் கோத்திருப்பது தெரிந்தது. டொக்டர் ஒரு தாளில் கருப்பையையும் இரண்டு பக்கக் குழாய்களையும் வரைந்து காட்டினார். கிருமி கீழேயிருந்து மேலே ஏறுகிறது. குழாய்க்குள் போய்ப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது குழாய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கரு வருவதற்கு வழி இல்லை. சில பெண்களுக்கு வலிகூட இருக்காது, பிள்ளை தங்கவில்லையே என்று தேடி வரும்போதுதான் தெரியும் என்றார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, அண்ணி அந்தப் படத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அடுத்து டொக்டர் கேட்ட கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கணவருக்கு எப்போதாவது சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்ததா, சீழ் வந்ததா?

சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். அண்ணி டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இல்ல, தங்கச்சி. அவருக்கு ஒண்ணுமில்ல."

பொய் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இல்லை என்பதற்கு நான் "நே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனின் மானம் தப்பிவிடும். அண்ணி ஒருத்திக்கு மட்டும் மருந்து எழுதுவார்கள், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் குழாய் கெட்டுவிட்டது என்று சொல்லலாம், தையில் மாமா வீட்டில் பேச்சு முடியும். அந்த ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது.

"அண்ணி, ஒங்களுக்கு என்னா கிறுக்கா? அங்க அம்மா மாமா மகளுக்குப் பொடவை எடுக்காத கொறைதான். நீங்க இங்க குந்திக்கிட்டு அண்ணனக் காப்பாத்துறீங்க!"

என்ன பேசுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் டொக்டர் என்றேன். துணிக்கடையில் முதலாளி கேட்டால்கூட அந்தக் குரலில் பேசமாட்டேன்.

"ஒன் கூடப் பொறந்தவரு அவரு. ஒன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் அண்ணி.

"கூடப் பொறந்தவன்தான். அதனால என்னா? நீங்க சொல்லுங்க. சொல்லாட்டி ஊட்ட விட்டுப் போகப்போறது நீங்கதான், அவன் இல்ல."

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கல்யாணமான முதல் தீபாவளிக்கு அண்ணன் கொழும்பிலிருந்து வந்தபோது அவனுக்கு எரிச்சல் இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் மஞ்சளாகக் கறை. "நாந்தான் தங்கச்சி அந்தச் சாரத்தத் தொவைச்சேன். என்னான்னு கேட்டேன். கொழும்பு வெயிலு, சிமெந்து மூட்டை மேலயே குந்தியிருக்கேன், சூடுன்னு சொன்னாரு. பாமசியில போய் மாத்திரை வாங்கிப் போட்டாரு. சரியாயிருச்சு. அதுக்கு அப்புறந்தான் எனக்கு வலி வந்துச்சு."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சிங்களத்தில் சொல்லும்போது அவன் "மஹத்தயா", இந்தப் பெண்ணின் கணவர், அவ்வளவுதான். யாரோ ஒரு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லி முடித்துவிட்டேன்.

டொக்டர் யாரையும் திட்டவில்லை. ஆண்களுக்கு எரிச்சல் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், மனைவிக்கும் மருந்து வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை என்றார். பாதி மருந்தில் எரிச்சல் போயிருக்கலாம், கிருமி போயிருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரையும் பரிசோதிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும். மருந்து முடியும்வரை சேர்ந்திருக்கக் கூடாது. இல்லாவிட்டால் இவர் அவருக்கும் அவர் இவருக்குமாக மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நோய் குணமான பிறகுதான் மற்றப் பக்கக் குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்க்க முடியும்.

"கெட்டுப்போன குழாயை மருந்தால் திருப்பித் தர முடியாது. பிள்ளை கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. கிடைக்கும் என்றும் இப்போது சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வர வேண்டும். யார் மேல் குற்றம் என்று நான் பார்ப்பதில்லை, அதற்குத்தான் கோர்ட் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்."

எழுந்திருக்கும்போது அண்ணி என் கையைப் பிடித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேளு. வலி வந்த ஒடனேயே வந்திருந்தா?"

கேட்டேன். அப்போதே இரண்டு பேரும் வந்திருந்தால் அநேகமாக மாத்திரையோடு போயிருக்கும் என்றார் டொக்டர். அன்றைக்கு நான் பேசியதிலேயே தமிழில் சொல்ல மனமே வராத வாக்கியம் அதுதான். அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போனாள். ரோட்டில் அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று அழுதாள். நானும் அழுதேன். அண்ணன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

கொடகவெலயில் இறங்கியபோது அண்ணன் ஆட்டோவோடு காத்திருந்தான். ஆட்டோ தோட்டத்து ரோட்டில் ஏறியது. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான். அண்ணியைப் பார்க்கவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம நீயும் வரணும். ஒனக்கும் மருந்து இருக்கு."

தேயிலைக்கு நடுவில் ஆட்டோவை நிறுத்திவிட்டான். "எனக்கு எதுக்கு மருந்து? எனக்கு என்னா கொறை?"

"என்னான்னு ஒனக்குத் தெரியும்."

அவன் திரும்பி அண்ணியைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னால் அவனிடம் பார்த்ததில்லை. அடிக்கப்போகிறான் என்று நினைத்து நான் நடுவில் கையை வைத்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டோவைக் கிளப்பி, குழி குண்டு பார்க்காமல் விட்டான். ஒவ்வொரு குழியிலும் அண்ணி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் அடுத்த காம்பராவில் டீவி சத்தம் குறைந்தது. "உள்ளுக்கு வாங்க" என்று சொல்லி நான் கதவைச் சாத்தினேன். அம்மாவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"சொல்லுடி."

பகல் முழுக்க ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு ஓடிக்கொண்டிருந்தவள் நான். இங்கே ஓட வேறு பாஷை இல்லை. "அம்மா, அது சூடு இல்ல. கிருமி. ஒரு பக்கக் கொழாய் கெட்டுப்போச்சு..." என்று ஆரம்பித்தேன். அடுத்ததைச் சொல்வதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கெட்டுப்போச்சுல்ல? அதத்தான் நான் சொன்னேன்." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "நான் ஒன் மேல குத்தம் சொல்லலம்மா. ஒன் தலையெழுத்து. ஒங்க அப்பாவ வரச் சொல்லு, பெரியவங்க பேசிக்குவோம்."

அண்ணன் கதவோரத்தில் நின்று ஆட்டோச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பான் என்று நான் காத்திருந்தேன். அண்ணியும் காத்திருந்தாள். நாலு வருஷத்தில் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அவன் பேசுவதற்கு அவ்வளவு நேரம் கொடுத்தாள். அவன் பேசவில்லை.

"மாமி," என்றாள் அண்ணி. "நான் போயிர்றேன். நீங்க அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஆனா மொதல்ல ஒங்க மகனுக்கு மருந்து குடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி அவளும் நாளைக்கு வயித்தப் புடிச்சிக்கிட்டு மலையில குந்துவா. எனக்கு அவரு குடுத்ததுதான் இது."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "என்னாடா சொல்றா இவ?"

"கொழும்புல இருக்குறப்ப..." என்றான் அண்ணன். அதற்கு மேல் போகவில்லை. "மாத்திரை போட்டேன். எனக்குச் சரியாயிருச்சு."

அவ்வளவுதான். ஆமாம் என்று அவன் சொன்னது அந்த மாதிரித்தான். அம்மா அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் வீட்டில் இருந்த இறுக்கத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணி என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். தன் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். அம்மா கொழுந்துக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். மாமா பேச்சையும் எடுக்கவில்லை, அண்ணியை இரு என்றும் சொல்லவில்லை. அண்ணன் கிளினிக்குக்கு வருவானா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. வரமாட்டேன் என்று அவன் வாயால் சொல்லிவிட்டால், அண்ணி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இதை எழுதுகிற இன்றைக்கும் அந்த மற்றக் குழாய் எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, படம் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இருந்த கேள்வி அதுகூட இல்லை. அவன் வருவானா, மாட்டானா.

காலையில் நாங்கள் படி இறங்கி ரோட்டுக்கு வந்தபோது ஆட்டோ நின்றது. அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தான். சட்டை மாற்றியிருந்தான். எங்களைப் பார்க்கவில்லை, "ஏறுங்க, பஸ்ஸு போயிரும்" என்று மட்டும் சொன்னான். அண்ணி ஏறி உட்கார்ந்தாள். அப்போது பின்னால் யாரோ வேகமாகப் படி இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா.

வேலை நாள். ஆனால் அவள் இடுப்பில் படங்கு இல்லை. கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். மகனைப் போகவிடாமல் தடுக்க வருகிறாள் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். இன்றைக்கு ரோட்டிலேயே சண்டைதான். அவள் எனக்கு மிக அருகில் வந்தாள். அண்ணனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த டொக்டரம்மா வயசானவங்களையும் பாப்பாங்களாடி?"

"ஏன்? யாருக்கு?"

அம்மா அண்ணி உட்கார்ந்திருந்த பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

"எனக்கும் அதே வலிதான்டி. நீ பொறந்ததுலேருந்து."